நகத்தின் வழியே நொடிக்கு அறுபதாயிரம்: கரும்பொருள் ஏன் இன்னும் கருவியில் சிக்கவில்லை?

கேள்வி: கரும்பொருள் துகள்கள் நம் உடம்பு வழியாக எந்நேரமும் போய்க்கொண்டிருக்கின்றன என்கிறார்கள். அப்படியானால் நாற்பது வருஷமாகச் சுரங்கத்துக்குள் கருவி வைத்துத் தேடியும் ஒன்றைக்கூடப் பிடிக்க முடியாதது ஏன்? அந்தக் கருவி உண்மையில் என்னதான் செய்கிறது? இவ்வளவு செலவும் வீண்தானா? இந்தியாவில் யாராவது தேடுகிறார்களா?

பதில்: ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதைக் கேட்டதும், கருவி சும்மா கிடக்கிறது, எதுவும் வந்து விழுவதில்லை என்று ஒரு படம் மனதில் வரும். நிலைமை நேர்மாறு. என்னென்னவோ வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. வருவது ஒவ்வொன்றையும் யார் என்று அடையாளம் கண்டு ஒதுக்குவதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. ராத்திரி திருடன் வரும் சத்தம் காதில் விழவேண்டும் என்றால், ஃபிரிட்ஜ் உறுமுவது, எலி ஓடுவது, தென்னை மட்டை ஓட்டில் உரசுவது எல்லாம் எப்படிக் கேட்கும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும், அந்த மாதிரி.

கரும்பொருள் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பது தனிக் கதை, வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1933-ல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, கோமா கூட்டத்தில் உள்ள விண்மீன் மண்டலங்கள் ஓடும் வேகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் எடை மட்டும்தான் அங்கே இருக்கிறது என்றால் இந்தக் கூட்டம் எப்போதோ சிதறியிருக்கும் என்றார். 1970-ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் நம் பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமீடா சுழலும் விதத்தை அளந்தார்கள். மையத்திலிருந்து விலக விலக வேகம் குறையவேண்டும், குறையவில்லை. அதற்கப்புறம் வந்த சான்றுகள் எல்லாம் சேர்ந்து, பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் ஆறில் ஐந்து பங்கு நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று என்ற இடத்தில் வந்து நிற்கின்றன. அந்த ‘ஏதோ ஒன்று’ ஒளியோடு எந்த உறவும் வைத்துக்கொள்வதில்லை. ஈர்ப்பு விசை மட்டும்தான் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

அது என்ன துகள் என்பதற்குப் பல ஊகங்கள். நீண்ட காலம் முன்னணியில் இருந்தது ‘விம்ப்’ எனப்படும், கனமான, ஆனால் எதனோடும் அவ்வளவாக மோதிக்கொள்ளாத துகள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கே கிட்டத்தட்ட ‘சோப்ளாங்கி’ என்று அர்த்தம். இல்லை, கரும்பொருள் என்பது ஒளிராத சாதாரண வான்பொருட்கள்தான் என்று வாதிட்டவர்கள் தங்கள் கட்சிக்கு ‘மாச்சோ’, அதாவது முறுக்கு மீசை ஆம்பளை, என்று பெயர் வைத்துப் பழி தீர்த்துக்கொண்டார்கள்!

சரி, எண்களுக்கு வருவோம். நம் சூரியன் இருக்கும் வட்டாரத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு, புரோட்டான் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கரும்பொருள் இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். விம்ப் ஒன்றின் எடை புரோட்டானைப் போல நூறு மடங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் சொம்புக்குள் எந்த நேரத்திலும் மூன்று விம்ப்கள். நாம் சூரியனோடு சேர்ந்து விண்மீன் மண்டலத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதால் அவை நம்மீது வரும் வேகம் நொடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். பெருக்கிப் பாருங்கள், உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாக மட்டும் நொடிக்கு அறுபதாயிரத்துக்குக் குறையாமல் போகும்.

இவ்வளவு போயும் ஏன் மாட்டவில்லை? அணுவுக்குள் பெரும்பாலும் வெற்றிடம்தான். நடுவில் இருக்கும் அணுக்கருவை விம்ப் நேராகச் சந்தித்தாலும், பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் கடந்துபோய்விடும். எப்போதாவது ஒருமுறை, பில்லியர்ட்ஸ் பந்துபோல அணுக்கருவை ஒரு இடி இடிக்கும். இடிபட்ட கரு சற்றே பின்னுக்கு நகரும். அந்த நகர்வைப் பார்த்தால் போதும் என்று 1985-ல் மார்க் குட்மேனும் எட்வர்ட் விட்டனும் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கு வழி திறந்தது. இரண்டே வருஷத்தில், 1987-ல், ஜெர்மானியம் படிகம் ஒன்றை அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்துக்குள் வைத்து எடுத்த முதல் முடிவு வெளிவந்தது. அந்த இடி எவ்வளவு பெரியது என்கிறீர்கள்? நான் மேலே சொன்ன எடையுள்ள விம்ப் தன் இயக்க ஆற்றல் முழுவதையும் கொடுத்தால்கூட, மெதுவாகப் பறக்கும் ஒரு கொசுவின் இயக்க ஆற்றலில் கோடியில் ஒரு பங்குக்கும் கீழேதான்.

இப்போது அந்தக் கொசுவைச் சுற்றி இருக்கும் சந்தை இரைச்சலை எண்ணிப் பாருங்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதி உண்டாகும் மியூவான்கள், நீட்டிய உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் போகின்றன. செங்கல், சிமெண்ட், பாறை எல்லாவற்றிலும் யுரேனியமும் தோரியமும் கொஞ்சம் உண்டு. அதிலிருந்து ரேடான் என்ற வாயு கசிந்து காற்றில் கலக்கிறது. நம் உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் மட்டும் நொடிக்கு நாலாயிரம் அணுக்களுக்கு மேல் சிதைகின்றன. கருவியைத் தொட்டு வேலை செய்கிற ஆளே இரைச்சல்தான். அதனால்தான் சுரங்கம். பாறை என்பது மியூவானுக்குப் போடுகிற கூரை.

இன்று மிகக் கூர்மையான கருவிகளில் ஒன்றான லக்ஸ்-ஜெப்ளினை, சுருக்கமாக எல்.ஜெட், எடுத்துக்கொள்கிறேன். அதுவும் அதே ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில்தான் இருக்கிறது. தெற்கு டகோட்டா மாநிலம், லீட் என்ற சிற்றூர். லிஃப்ட்டில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் கீழே இறங்கவேண்டும். அந்த ஆழத்தில் மியூவான்கள் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் குறைந்துவிடுகின்றன. அங்கே ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குள், சுற்றிலும் காடோலினியம் என்ற உலோகம் கலந்த, கதிர் பட்டால் ஒளிரும் ஒரு திரவம் நிரம்பிய அக்ரிலிக் கலங்கள். அதற்கும் உள்ளே டைட்டானியத்தில் செய்த இரட்டைச் சுவர்ப் பாத்திரம், நம் ஃபிளாஸ்க் மாதிரி. அதில் சுமார் மைனஸ் 100 டிகிரியில் 10 டன் திரவச் செனான். அதில் 7 டன்தான் வேட்டைக்களம், அதைச் சுற்றி டெஃப்லான் சுவர். மேலேயும் கீழேயுமாக ஒற்றை ஒளித்துகளைக்கூட உணரும் 494 போட்டோமல்டிப்ளையர் குழாய்கள் உள்நோக்கிக் கண் விழித்துக்கொண்டிருக்கின்றன.

செனான் ஏன்? காற்றில் அது கோடியில் ஒரு பங்குகூட இல்லை, எனவே விலை அதிகம். ஆனால் அணுக்கரு பெரியது, மோதலுக்கு வாய்ப்பு கூடும். திரவமாக இருக்கும்போது தண்ணீரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். வெளியிலிருந்து வரும் காமா கதிர்கள் ஓரத்திலேயே அடங்கிவிடும், நடுப்பகுதி தன்னைத்தானே காத்துக்கொள்ளும். கணக்கெடுப்பில் சுமார் ஐந்தரை டன் நடுப்பகுதியை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

உள்ளே ஒரு மோதல் நடந்தால் என்ன ஆகும் என்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இந்தக் கருவியின் மொத்தச் சாமர்த்தியமும் இங்கேதான் இருக்கிறது. ஒரு செனான் அணுக்கரு இடிபட்டு நகர்கிறது. நகரும்போது பக்கத்து அணுக்களைக் கிளறிவிடுகிறது. உடனே சின்னதாக ஒரு புற ஊதா மினுக்கல், சில ஒளித்துகள்கள் மட்டுமே குழாய்களில் விழும் அளவுக்கு. இது முதல் மினுக்கல். அதே இடத்தில் அணுக்களிலிருந்து கழன்ற எலக்ட்ரான்கள் சிலவும் நிற்கின்றன. மின்புலம் அவற்றை மெல்ல மேலே இழுக்கிறது. திரவத்தின் மேல்மட்டத்தைத் தாண்டி, அங்கே இருக்கும் செனான் வாயுவுக்குள் பிய்த்துக்கொண்டு போகும்போது இரண்டாவது மினுக்கல், முதலாவதைவிடப் பெரிதாக. பாத்திரத்தின் அடியிலிருந்து கிளம்பிய எலக்ட்ரான் மேலே வந்துசேர ஏறத்தாழ ஒரு மில்லி நொடி ஆகும். ஆக, இரண்டு மினுக்கலுக்கும் இடைப்பட்ட நேரம் ஆழத்தைச் சொல்லிவிடும். மேலே எந்தக் குழாய்கள் எரிந்தன என்பது கிடைமட்ட இடத்தைச் சொல்லிவிடும். முப்பரிமாணத்தில் இடம் தெரிந்துவிட்டது.

அதோடு இன்னொன்று. மோதியது காமா கதிரோ பீட்டா துகளோ என்றால், அது அணுக்கருவை விட்டுவிட்டு எலக்ட்ரானைத்தான் தட்டும். அப்போது முதல் மினுக்கலோடு ஒப்பிட இரண்டாவது மினுக்கல் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கருவைத் தட்டினால் குறைவாக இருக்கும். இந்த விகிதத்தை வைத்தே வந்தவற்றில் பெரும்பகுதியைக் கழித்துவிடலாம். எது எப்படித் தெரியும் என்று பழகிக்கொள்வதற்காக, அவர்களே டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் கலந்த மீத்தேனைச் செனானுக்குள் விட்டு, அளந்து முடித்ததும் வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். ஒரு தூசி விழக்கூடாது என்று காவல் காத்த பாத்திரத்தில், கதிரியக்கப் பொருளைத் தாங்களே ஊற்றுகிற தைரியம் எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

நியூட்ரான்தான் பொல்லாதது. அது விம்ப் மாதிரியே அணுக்கருவைத்தான் இடிக்கும், விகிதத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் அதற்கு ஒரு பழக்கம் உண்டு: ஒரு இடத்தோடு நிற்காது, இரண்டு மூன்று இடத்தில் முட்டிக்கொண்டு வெளியே போகும். வெளியே போனதைக் காடோலினியம் பிடித்து விழுங்கி, காமா கதிர்களைக் கக்கும். அந்தக் கதிர் பட்டுக் கலங்களில் ஒளி தெரிந்தால், உள்ளே நடந்தது நியூட்ரான் வேலை என்று தள்ளிவிடலாம். விம்ப் ஒருமுறை மோதுவதே அபூர்வம், இரண்டு முறை மோதவே மோதாது.

செனானிலேயே கலந்திருக்கும் கிரிப்டானும் ஒரு தொல்லை. செனானைக் காற்றிலிருந்து பிரித்தெடுப்பதால் கூடவே கொஞ்சம் கிரிப்டானும் ஒட்டிக்கொண்டு வரும். அதில் கிரிப்டான்-85 என்ற கதிரியக்க வகை உண்டு, அணு எரிபொருளை மறுசுத்திகரிக்கும் ஆலைகள் காற்றில் விட்டது. எல்.ஜெட்டுக்கு வேண்டிய செனானைக் கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்லாக் ஆய்வகத்தில் கரித்தூள் வழியாக ஓட்டிச் சுத்தம் செய்தார்கள். கரியில் கிரிப்டான் சீக்கிரம் ஓடிவிடும், செனான் தங்கித் தங்கி வரும், இடையில் பிரித்துவிடலாம். ஆர்கானை வைத்துத் தேடுகிறவர்களின் பாடு இதைவிடச் சுவாரசியம். காற்றில் உள்ள ஆர்கானில் காஸ்மிக் கதிர்களால் உண்டான ஆர்கான்-39 இருக்கிறது. எனவே காஸ்மிக் கதிரே எட்டாத நிலத்தடி ஆர்கானைக் கொலராடோவில் உள்ள கரியமில வாயுக் கிணறுகளிலிருந்து எடுக்கிறார்கள். கதிரியக்கம் குறைந்த ஈயம் வேண்டும் என்று, கடலில் மூழ்கிய ரோமானியக் கப்பலில் இரண்டாயிரம் வருஷம் கிடந்த ஈயக் கட்டிகளை வாங்கி உருக்கிய பரிசோதனையும் உண்டு. இத்தாலியில் கிரான் சாஸ்ஸோ மலைக்கு அடியில் இருக்கும் குவோரே என்ற கருவி அது. அது தேடுவது கரும்பொருளை அல்ல, வேறொரு அபூர்வச் சிதைவை, ஆனால் தொழில் ஒன்றுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு எதிரி மிச்சம்: ஆராய்ச்சி செய்பவரின் ஆசை. வருஷக்கணக்காக ஒன்றுக்காகக் காத்திருப்பவர் கண்ணுக்கு அது தெரியத்தான் செய்யும். அதற்காக எல்.ஜெட் குழுவினர் தரவுகளுக்குள் போலி மோதல்களைக் கலந்துவிடுகிறார்கள். உப்புப் போடுவது என்று இதற்குப் பெயர். ஆய்வு செய்பவர்களுக்கு எது உண்மை எது உப்பு என்று தெரியாது. ‘நல்ல ஒன்று வந்திருக்கிறதே’ என்று தோன்றினாலும் துள்ளிக் குதிக்க முடியாது. விதிகளையெல்லாம் முடிவுசெய்து பூட்டியபிறகுதான் உப்பை எடுத்துக் காட்டுவார்கள்.

இப்படி அவசரப்படாமல் இருப்பதற்குக் காரணம், துறை ஏற்கெனவே சூடுபட்டிருக்கிறது. கிரான் சாஸ்ஸோவில் டாமா என்ற குழு, சோடியம் அயோடைடு படிகங்களை வைத்து, 1990-களின் இறுதியிலிருந்தே கரும்பொருளைப் பார்த்துவிட்டோம் என்று சொல்லிவருகிறது. அவர்கள் வாதம் அழகானது. சூரியனைச் சுற்றும் பூமி, ஜூன் தொடக்கத்தில் கரும்பொருள் காற்றை எதிர்த்துச் சற்று வேகமாகவும் டிசம்பரில் சற்று மெதுவாகவும் போகிறது. எனவே மோதல்களின் எண்ணிக்கை வருஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கவேண்டும். டாமாவில் ஏறி இறங்குகிறது, இருபது வருஷத்துக்கு மேலாக, ஜூனில் உச்சம். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவது உலகத்தில் கரும்பொருள் மட்டுமா? வெயில், ஈரப்பதம், சுரங்கத்தில் ரேடான் எல்லாமே ஏறி இறங்கும். அதே வகைப் படிகத்தை வைத்து ஸ்பெயினில் அனாய்ஸ் என்ற குழுவும் தென் கொரியாவில் கோசைன் என்ற குழுவும் தேடிப் பார்த்தன. இரண்டுக்கும் அந்த ஏற்ற இறக்கம் தெரியவில்லை. என் பார்வையில் டாமா வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவர்கள் பார்த்தது என்ன என்ற கேள்வி மட்டும் பாக்கி.

2020-ல் இன்னொரு பரபரப்பு. அதே மலையடியில் இருந்த செனான்-1டி கருவி, குறைந்த ஆற்றல் பகுதியில் 232 நிகழ்வுகளை எதிர்பார்த்த இடத்தில் 285 கண்டது. சூரியனிலிருந்து வரும் ஆக்ஸியான் (இன்னொரு ஊகத் துகள்) என்றார்கள், வேறென்னவோ என்றார்கள், கட்டுரைகள் மழையாகப் பொழிந்தன. அந்தக் குழுவினரோ, இது வெறும் டிரிட்டியம் அசுத்தமாகவும் இருக்கலாம் என்று தங்கள் கட்டுரையிலேயே எழுதிவைத்தார்கள். அடுத்த, பெரிய கருவியான செனான்-என்டி 2022-ல் பார்த்தபோது அந்தக் கூடுதல் காணவில்லை. கணக்குத் தீர்ந்தது.

ஆகவே ‘செலவெல்லாம் வீணா’ என்ற கேள்விக்கு: 2024-ல் எல்.ஜெட் 280 நாள் தரவுகளைக் கொண்டு வெளியிட்ட முடிவு, விம்ப் ஒரு புரோட்டானையோ நியூட்ரானையோ மோத அதிகபட்சம் எவ்வளவு இலக்குப் பரப்பு இருக்கமுடியும் என்று ஒரு வரம்பு போடுகிறது. 2.2-ஐ, 1-க்குப் பின்னால் 48 சைபர் போட்ட எண்ணால் வகுத்தால் எவ்வளவு சதுர சென்டிமீட்டரோ அவ்வளவு. 1990-களின் இறுதியோடு ஒப்பிட்டால் கூர்மை பல லட்சம் மடங்கு கூடியிருக்கிறது. எளிமையான, அழகான விம்ப் கோட்பாடுகள் பல இதில் செத்துப்போயின. கோட்பாட்டாளர்களுக்கு அது இழப்பு, ஆனால் வீண் இல்லை. போகிற போக்கில் வேறு லாபமும் உண்டு. செனான்-124 அணுவின் அரை ஆயுளைச் செனான்-1டி குழு 2019-ல் நேரடியாக அளந்தது. அது பிரபஞ்சத்தின் வயதைப்போல லட்சம் கோடி மடங்கு.

விம்ப் தளர்ந்ததால் ஆக்ஸியானுக்கு மவுசு கூடியிருக்கிறது. அது எடையே இல்லாத மாதிரி லேசானது, இடிக்காது. பலமான காந்தப்புலத்தில் ரேடியோ அலையாக மாறக்கூடும் என்று 1983-ல் பியர் சிகிவி சொன்னார். சியாட்டிலில் உள்ள ஏ.டி.எம்.எக்ஸ் கருவி அதற்காக, உறைகுளிரில் வைத்த ஓர் உலோகப் பெட்டியை ரேடியோவில் ஸ்டேஷன் தேடுவதுபோல மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் திருகிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும்.

எல்.ஜெட் இருக்கும் குகைக்கு டேவிஸ் குகை என்று பெயர். 1960-களின் பிற்பகுதியில் ரே டேவிஸ் அங்கேதான் துணியை உலர்சலவை செய்யும் திரவத்தை ஒரு பிரம்மாண்டத் தொட்டியில் நிரப்பி, சூரியனின் மையத்திலிருந்து வரும், எதிலும் எளிதில் சிக்காத நியூட்ரினோ என்ற துகள்களைப் பிடித்தார். அதற்கு 2002-ல் நோபல் பரிசு. அவர் தொட்டியில் பெரும்பாலும் சிக்கியது போரான்-8 என்ற அணு சிதையும்போது வரும் நியூட்ரினோ. இப்போது அதே நியூட்ரினோக்கள் செனான் அணுக்கருக்களை லேசாகத் தட்டுகின்றன, லேசான எடையுள்ள விம்ப் தட்டுவதுபோலவே. இவற்றை எந்தப் பாறையாலும் தடுக்க முடியாது. 2024-ல் செனான்-என்டியும் சீனாவின் பாண்டா-எக்ஸும் இதன் முதல் அறிகுறிகளைக் கண்டன, 2025 இறுதியில் எல்.ஜெட் இன்னும் தெளிவாகக் கண்டது. டேவிஸ் நாள்கணக்கில் காத்திருந்து பிடித்தது, இன்று அதே குகையில் ஒதுக்கவேண்டிய இரைச்சல். நியூட்ரினோ மூடுபனி என்கிறார்கள். கருவி கூர்மையாக ஆக, பனி அடர்த்தியாகும்.

கடைசியாக இந்தியா. ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில், கொல்கத்தாவின் சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனம் ஒரு சிறிய ஆய்வகம் வைத்திருக்கிறது. 2017-ல் திறந்தார்கள். அங்கே கார் ஏசியில் ஊற்றும் அதே ஆர்-134ஏ திரவத்தைத் துளித்துளியாகக் கூழில் தொங்கவிட்டு, கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் வைத்திருக்கிறார்கள். ஒரு துகள் தட்டினால் துளி பட்டென்று ஆவியாகும். அந்தச் சத்தத்தை நுண்ணொலி வாங்கிகள் கேட்கின்றன. எல்.ஜெட்டோடு ஒப்பிட முடியாது, ஆனால் லேசான விம்ப்களைத் தேட இந்த வழிக்கு ஓர் இடம் உண்டு.

உண்மையில் நம்மிடம் ஹோம்ஸ்டேக்கைவிட ஆழமான இடம் இருந்தது, கோலார் தங்கவயல். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய அந்தச் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, 1965-ல் காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடம் உலகிலேயே முதன்முதலில் பதிவானவற்றில் ஒன்றாகக் கிடைத்தது. 2001-ல் கோலார் மூடப்பட்டது. ஹோம்ஸ்டேக்கிலும் ஏறக்குறைய அதே சமயத்தில் தங்கம் எடுப்பது நின்றது. 2003-ல் அங்கே பம்புகளை நிறுத்தினார்கள், டேவிஸ் குகை இருக்கும் மட்டமும் தண்ணீரில் மூழ்கியது. பிறகு பம்புகளைத் திரும்ப ஓட்டி, 2009-க்குள் தண்ணீரை அந்த மட்டத்துக்குக் கீழே இறக்கி ஆய்வகம் ஆக்கினார்கள். கோலாரிலும் பம்புகள் நின்றன. அங்கே தண்ணீரை யாரும் இறைக்கவில்லை.